படலைக் கொளுக்கி எந்தப் பக்கம்?

என் அருமை அத்தான்,

உங்கள் முதலாம் ஆண்டு நினைவுக்குப் பத்திரிகையில் அரைப் பக்கம் எடுத்து வைத்திருந்தேன். மேலே உங்கள் படம், கீழே வழக்கமான நாலு வரி, அதற்கும் கீழே எங்கள் பெயர்கள். அந்த நாலு வரியை இன்று திருப்பி வாசித்தேன். யாருக்கும் போடக்கூடிய வரிகள். உங்களிடம் நான் கேட்க வேண்டியது ஒன்றும் அதில் இல்லை. முழுப் பக்கமாக எடுத்து இதைப் போடச் சொல்லிவிட்டேன்.

எனக்கு அவசரமாக ஒரு விஷயம் தெரிய வேண்டும் அத்தான். ஞாயிறு தோறும் நீங்கள் போட்ட அந்தச் சினிமாப் படத்தில் டொக்டரைக் கொன்றது யார்?

படத்தில் யார் என்று எனக்குத் தெரியும். நீங்கள் அக்காவுக்குச் சொன்ன படத்தில் யார் என்று கேட்கிறேன்.

நாளை வெள்ளிக்கிழமை. காலையில் டயாலிசிஸுக்கு ஏற்றிப்போகக் கார் வரும். அக்கா திங்கள் போகவில்லை. புதனும் போகவில்லை. கால் இரண்டும் வீங்கிக் கிடக்கிறது, பேசினால் மூச்சு முட்டுகிறது. இப்போது மத்தியானம். உள்ளே படுத்திருக்கிறார். நான் உங்கள் சமையலறை மேசையில் இருந்து எழுதுகிறேன். இது அச்சாகி ஆட்கள் கையில் கிடைக்கும்போது என்ன நடந்திருக்குமோ தெரியாது. நான் செய்த வேலையால் வந்தது இது. அதனால்தான் உங்களிடம் வந்து நிற்கிறேன்.

உங்களுக்குத் தெரிந்த கதைதான், ஆனால் வாசிக்கிற சனத்துக்கும் விளங்க வேண்டும், பொறுத்துக்கொள்ளுங்கள். அது ஒரு பழைய பிரிட்டிஷ் துப்பறியும் படம், கறுப்பு வெள்ளை. தபாற்கந்தோரில் வேலை செய்த இளந்தாரிக் காலத்தில் நீங்கள் வாசித்த ஒரு மர்ம நாவலைப் படமாக எடுத்திருந்தார்கள். இந்த நாட்டுக்கு வந்த பிறகு ஸ்காபரோவில் ஒரு லைப்ரரி பழைய வீடியோக் கசெற்றுகளைக் கழித்து விற்றபோது மேசையில் அதைக் கண்டு, நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்தீர்கள். வெளியே ஸ்னோ கொட்டுகிறது, நீங்கள் ஜக்கெற்றுக்குள் கசெற்றை வைத்துக்கொண்டு நிற்கிறீர்கள், முகம் முழுக்கச் சிரிப்பு.

"நாவலிலை அரைவாசியை வெட்டிப்போட்டாங்கள் தவம். பாதிரியார் வாற அதிகாரம் ஒண்டு இருக்கு, கதையின்ரை உயிரே அதுதான். அது முழுக்க இல்லை."

ஒவ்வொரு ஞாயிறும் இதையே சொன்னீர்கள். சொல்லிக்கொண்டே அடுத்த ஞாயிறும் போட்டீர்கள்.

அதற்குள் சீனி வருத்தம் அக்காவின் கண்ணைக் கொண்டுபோய்விட்டது. (இதை எழுதவா என்று கேட்டேன். "எழுது, ஆனா என்ரை சீனியைப் பற்றி எழுதாதை" என்றார். மன்னித்துக்கொள் அக்கா.) கண் இருந்த காலத்திலும் அவருக்கு அந்த இங்கிலிஷ் ஓடாது. ஆகவே நீங்கள் சோபாவின் மூலையில் இருந்து, யார் வருகிறார்கள், யார் போகிறார்கள், யார் முழிசுகிறார்கள் என்று தமிழில் சொல்லிக்கொண்டே போவீர்கள். நான் சாமான் கொண்டுவந்து இறக்கிவிட்டு, ஒரு காதில் ரெலிபோனும் மறு காதில் நீங்களுமாக வாசலில் நிற்பேன். ஒரு நாளும் இருந்து முழுக்கக் கேட்டதில்லை. அதற்குத்தான் இப்போது தண்டனை.

படத்தின் கதை இவ்வளவுதான். ஒரு பெரிய வீட்டில் ஒரு தாய் தனியே இருக்கிறாள். சண்டைக்குப் போன மகன் வரவில்லை. வருஷங்கள் கழித்து ஒருத்தன் பெட்டியோடு வந்து, வாசல் படலையைத் திறந்து, அம்மா என்கிறான். தாய் கட்டிப்பிடிக்கிறாள். சில நாளில், அந்த வீட்டுப் பிள்ளையைச் சின்ன வயதிலிருந்து பார்த்த டொக்டர் குளத்தில் செத்து மிதக்கிறார். தீராத தடிமனோடு ஒரு இன்ஸ்பெக்டர் வருகிறார், மூக்கைச் சீறிச் சீறியே விசாரிக்கிறார். கடைசியில் படலையில் பிடிக்கிறார். மகன் போன பிறகு புயலில் படலை விழுந்து, திருப்பிப் போட்டபோது கொளுக்கியை இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கம் மாற்றியிருக்கிறார்கள். உண்மையான மகன் என்றால் அவன் கை பழக்கத்தில் இடப்பக்கம் போய்த் தடவியிருக்கும். வந்தவன் தடவவில்லை. ஒரேயடியாக வலப்பக்கம் கைவைத்துத் திறந்தான். ஏற்கனவே களவாக வந்து வேவு பார்த்தவன். மகன் எப்போதோ செத்துவிட்டான். தன்னைக் காட்டிக்கொடுத்துவிடுவார் என்று டொக்டரைக் கொன்றதும் அவன்தான்.

இப்போது உங்கள் படம். உங்கள் படத்தில் அவன் தடவினான், அத்தான். "இடப்பக்கம் தடவுறான். பாவம், பழைய பழக்கம். கொளுக்கி அங்கை இல்லை, பிள்ளை திகைச்சுப்போய் நிக்குது" என்று நீங்கள் சொன்னது என் காதிலும் விழுந்திருக்கிறது. உங்கள் படத்தில் அவன்தான் மகன். வேறு யாரோ கொலை செய்தான். கடைசியில் பொலிஸ் கார் அவனை ஏற்றிக்கொண்டு போகிற சத்தம் வரும்போது, "தாயும் பிள்ளையும் கோயிலுக்கு வெளிக்கிட்டிட்டினம்" என்று முடித்துவிட்டுத் தேத்தண்ணி போட எழும்புவீர்கள்.

ஏன் மாற்றினீர்கள் என்று உங்கள் வீட்டைத் தெரிந்த எவருக்கும் விளங்கும். உங்கள் ஒரே பிள்ளை ரூபன் ஊரில் ரியூஷனுக்குப் போனவன், வரவில்லை. கொண்டுபோனவர்கள் யார் என்று ஆளுக்கொரு கதை சொன்னார்கள். ஒன்றுக்கும் ஆதாரம் இல்லை. செத்தான் என்று சொல்லவும் ஆள் இல்லை. விட்பியில் என் வீட்டுக் கீழ் அறை வெறுமையாகக் கிடக்கிறது, அக்கா வரமாட்டார். இந்த ரெலிபோன் நம்பர்தானே ஊரில் எல்லாரிடமும் இருக்கிறது என்பார். நம்பரை அப்படியே கொண்டுபோகலாம் அக்கா என்று சொல்லிப் பார்த்தேன். "நம்பரைக் கொண்டுபோவாய். விலாசத்தை?" என்று கேட்டார்.

போன ஞாயிறு சாப்பிட்டு முடிந்ததும் அக்கா சொன்னார், "தவம், உந்தப் படத்தைப் போடன்."

நீங்கள் போனபிறகு அவர் அதைக் கேட்டதே இல்லை. எனக்குச் சந்தோஷம். என் மகள் சிந்து முன்பு கசெற்றிலிருந்து மாற்றித் தந்த பென் ட்ரைவை ரீவியில் குத்தினேன். உங்கள் மூலையில் நான் இருந்தேன்.

"சொல்லு."

"என்னத்தை அக்கா?"

"நடக்கிறதை. அவர் சொல்லுறவரெல்லே, அப்பிடி."

நான் சொன்னேன். எனக்குத் தெரிந்த ஒரே வழி கண்ணில் பட்டதைச் சொல்வது. வான் வண்டியில் கருவாடு கொண்டு திரிந்து விற்ற காலத்திலும் பெட்டியைத் திறந்து காட்டித்தான் விற்றேன். இன்று பிறம்ரனில் மொத்தச் சரக்குக் கிட்டங்கி வைத்திருக்கிறேன், இன்றும் அப்படித்தான். பூஞ்சணம் பிடித்தால் பிடித்துவிட்டது என்று சொல்கிற வாய் இது. அந்த வாய்க்காகத்தான் கடைக்காரர் என்னிடம் வந்தார்கள். அதே வாயைக் கொண்டுபோய் உங்கள் இடத்தில் வைத்தேன்.

"ஒருத்தன் வாறான் அக்கா. கையிலை பெட்டி. படலையைத் திறந்திட்டான்."

"உடனையோ?"

"ஓம். வலப்பக்கம் கொளுக்கி. கையை வைச்சான், திறந்திட்டுது."

அக்காவின் விரல்கள் சோபாத் துணியைப் பிடித்தன. கண்டேன். ஏன் என்று யோசிக்கவில்லை. தொடர்ந்து சொல்லிக்கொண்டு போனேன், பெரிய கெட்டித்தனமாக. இன்ஸ்பெக்டர் முடிச்சை அவிழ்க்கிற இடத்தில் எனக்கே உற்சாகம் வந்துவிட்டது.

"இவன் மகன் இல்லை அக்கா, கள்ளன்! உண்மையான மகன் எப்பவோ செத்துப்போனான். இவன் சண்டையிலை அவனுக்குப் பக்கத்திலை கிடந்து வீட்டுக் கதையெல்லாம் கேட்டுப் பாடமாக்கிக்கொண்டு வந்திருக்கிறான்."

"நிப்பாட்டு."

நிறுத்தினேன். அதற்குப் பிறகுதான் என் வாயிலிருந்து வெளியே போனது என்னவென்று எனக்கே கேட்டது. அத்தான், உங்கள் மூலையில் இருந்துகொண்டு, உங்கள் மனைவியிடம், மகன் செத்துப்போனான் என்று சொல்லியிருக்கிறேன். இத்தனை வருஷம் யாரும் அந்த வீட்டில் சொல்லாத வசனம். நானும் சொல்லாத வசனம்.

திங்கள் காலை டிரைவர் கீழே வந்து பஸ்ஸரை அடித்தான். அக்கா கட்டிலை விட்டு எழும்பவில்லை. "எனக்குப் போதும் தவம். அந்தப் பெடியனைப் போகச் சொல்லு."

நான் பேரம் பேசாத ஆளா? கெஞ்சினேன். வெருட்டினேன். மார்க்கம் நகரிலிருந்து உங்கள் சிநேகிதரைக் கூட்டிவந்து நிறுத்தினேன், அவர் கட்டிலடியில் இருந்து தானே அழுதுவிட்டுப் போனார். சிந்துவுக்குக் கலியாணம் பேசுகிறோம், நீ இல்லாமல் எப்படி என்றேன்.

"பொய். அவள் ஆரையோ பாத்து வைச்சிருக்கிறாள். எனக்கே தெரியும், தேப்பன் உனக்குத் தெரியாது."

(அது உண்மையாம் அத்தான். செவ்வாய்க்கிழமை கேட்டேன். நல்ல பெடியன் போலத்தான் இருக்கிறது. உங்களிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வது?)

புதன்கிழமை டொக்டரை வீட்டுக்கு வரவழைத்துப் பேசினோம். இளம் பெண். அக்காவோடு கனநேரம் ஆறுதலாகக் கதைத்துவிட்டு எங்களிடம் வந்தார். வேண்டாம் என்று சொல்ல அவவுக்கு உரிமை இருக்கிறது, நாங்கள் வலிக்காமல் பார்த்துக்கொள்வோம் என்றார். நல்லவர்தான். ஆனால் அந்த "வலிக்காமல்" என்ற சொல்லைக் கேட்டதும் வெளியே வந்துவிட்டேன். காரில் ஏறி ஸ்ரியரிங்கைப் பிடித்துக்கொண்டு இருந்தேன். ஒரு கொன்ரெயினர் கருவாடு கெட்டுப்போனபோதும் நான் இப்படி இருக்கவில்லை.

பிறகு எனக்கு ஒரு புத்தி ஓடியது. ஒருவேளை நாவலில் மகன் உண்மையான மகனாக இருக்கலாம். படம் எடுத்தவன் மாற்றியிருப்பான், நீங்கள் நாவலைச் சொல்லியிருப்பீர்கள். அப்படியென்றால் நான் அக்காவிடம் போய், படம்தான் பிழை, அத்தான் சொன்னதே சரி என்று சொல்லலாமே? சிந்துவைப் பிடித்து அந்த நாவலை எடுப்பித்தேன். பிள்ளை யூனியன்வில்லில் வேலை முடிந்து வந்ததும் வராததுமாக இருந்து வாசித்து முடித்தது.

"அப்பா, ஐ ஆம் சொறி. புக்கிலையும் அவர் ஃபேக்தான்."

எனக்கு இருந்த ஒரே கயிறும் அறுந்தது.

"பட் ஒரு திங் இருக்கு அப்பா. புக்கிலை அந்த அம்மாவுக்குத் தெரியும். ஃபேர்ஸ்ட் டேயே தெரியும், இது தன்ரை சன் இல்லையெண்டு. பாதிரியாரிட்டைப் போய்ச் சொல்லுறா. தெரிஞ்சும் வைச்சிருக்கிறா. மூவியிலை அதைக் கட் பண்ணிட்டினம்."

பாதிரியார் வருகிற அதிகாரம், அத்தான். கதையின் உயிரே அதுதான் என்று ஞாயிற்றுக்கு ஞாயிறு நீங்கள் சொன்ன அதே அதிகாரம். என் காதில் அது ஒரு கிழவரின் முணுமுணுப்பாகத்தான் விழுந்தது.

இன்று காலை அக்காவுக்குக் கஞ்சி பருக்கிக்கொண்டு, பயந்து பயந்து கேட்டேன். அத்தான் படத்தை மாற்றிச் சொன்னது உனக்குத் தெரியுமா என்று.

"முதல் நாளே தெரியும்."

"எப்பிடி?"

"கொளுக்கி டக் எண்டு ஒரே தரத்திலை விழுந்தது. தடவுறவன் திறந்தா அப்பிடிச் சத்தம் வராது தவம். கை வழுக்கும், உரசும், இரும்பு ரெண்டு மூண்டு தரம் அடிபடும். நாள் முழுக்கத் தடவிக்கொண்டு திரியுறவள் நான். எனக்குத் தெரியாதே?"

கரண்டி என் கையிலேயே நின்றது.

"அவரும் லேசுப்பட்ட ஆளில்லை. அந்த இடம் வர மூக்கைச் சீறுவார், இன்ஸ்பெக்டர் மாதிரி. சத்தத்தை அமத்திறாராம். அதுக்கு மேலாலையும் எனக்குக் கேட்டது."

நீங்கள் மூக்குச் சீறியதை நான் பகிடி என்று நினைத்துச் சிரித்திருக்கிறேன்.

"அப்ப ஏனக்கா ஒவ்வொரு கிழமையும் கேட்டனீ?"

"அவர் சொன்னா ஞாயிறு ஞாயிறு பிள்ளை வந்திட்டுப் போவான். பொய்யெண்டு தெரியும். எண்டாலும் வந்தவன்தானே? அவருக்கும் அவன் வரவேணும். நான் கேட்டாத்தானே அவர் கூட்டிக்கொண்டு வருவார்." மூச்சு வாங்கிக்கொண்டார். "இனி ஆர் கூட்டிக்கொண்டு வாறது? நீ ஒரேயடியா அவனைக் கொண்டுபோய்ப் புதைச்சிட்டு வந்து நிக்கிறாய்."

அத்தான், நான் கேட்கட்டுமா? நீங்கள் அந்த நாவலைப் படித்தவர். தாய்க்கு முதல் நாளே தெரியும் என்று உங்களுக்குத் தெரியும். அப்படியென்றால் அக்காவுக்கும் தெரியும் என்று உங்களுக்குத் தெரிந்திருந்ததா? தெரிந்துகொண்டுதான் ஞாயிற்றுக்கு ஞாயிறு மூக்கைச் சீறினீர்களா? ஒரே சோபாவில் இருந்து, இரண்டு பேரும் மற்றவருக்காக அந்தப் பிள்ளையைப் படலையடியில் தடவ விட்டுக்கொண்டிருந்தீர்களா?

நான் கஞ்சிக் கிண்ணத்தை வைத்துவிட்டுச் சொன்னேன், "நான் சொல்லுறன் அக்கா. இனி நான் சொல்லுறன். நீ நாளைக்கு வா."

"உனக்குப் பொய் சொல்ல வராது."

"நான் வியாபாரி அக்கா."

"அதுதான் சொல்லுறன். உனக்குச் சாமான் கையிலை இருக்க வேணும்."

உடனே படத்தைப் போட்டேன். பொறுக்க முடியவில்லை எனக்கு. அந்த மனிதன் பாதையில் நடந்து வந்தான், படலையை நெருங்கினான். "அவன்" என்று தொடங்கினேன். என் கண்ணுக்கு அவன் பெட்டியோடு வருகிற வெள்ளைக்காரனாகத் தெரியவில்லை. புத்தகப் பையோடு ரியூஷனால் வருகிறவனாகத் தெரிந்தான். நான் அடுத்த சொல்லைத் தேட, ரீவியில் கொளுக்கி டக் என்று விழுந்தது.

"பிந்திப்போனாய்" என்றார் அக்கா. "அவர் சத்தத்துக்கு முந்திச் சொல்லிப்போடுவார்."

"இன்னொருக்கா போடுறன்."

"விடு. களைக்குது."

"நாளைக்கு வருவியோ?"

"விடியட்டும், பாப்பம்."

ஓம் என்று சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. இதை வைத்துக்கொண்டுதான் நான் மத்தியானத்திலிருந்து இந்த மேசையில் இருக்கிறேன். இதற்குமுன் எத்தனையோ பேரிடம் இப்படி அரைப் பதில் வாங்கி முழுப் பதிலாக மாற்றியிருக்கிறேன். அவர்களிடம் எனக்கு இழக்கக் காசைத் தவிர வேறு ஒன்றும் இருக்கவில்லை. அக்கா போனால் எனக்கு முன்னுக்குப் பிறந்தவர்கள் என்று சொல்ல ஒருவரும் இல்லை. ரூபனைக் காத்திருக்கவும் ஒருவரும் இல்லை. இந்த ரெலிபோனை யார் எடுப்பது?

இவ்வளவும் எழுதிவிட்டு, பொறுக்க முடியாமல் அறைக் கதவடியில் போய்க் கேட்டேன். "அக்கா, அத்தான்ரை கதையிலை டொக்டரைக் கொலை செய்தது ஆர்?"

"கிழமைக்கு ஒருத்தன்" என்றார். "தோட்டக்காரன் ஒருக்கா. லோயர் கனதரம். ஒருக்கா அந்த இன்ஸ்பெக்டரையே பிடிச்சுக் குடுத்திட்டார். பிள்ளையைத் தவிர அந்த ஊரிலை எல்லாரும் கொலை செய்திருக்கினம்."

சிரித்தார் அத்தான். சிரிப்பு இருமலாக மாறி, மூச்சு எடுக்க முடியாமல், நான் ஓடிப்போய்த் தூக்கி இருத்த வேண்டியதாயிற்று. ஆனால் முதலில் சிரித்தார்.

ஆகவே நான் கேட்ட கேள்விக்கு நீங்கள் மெனக்கெட வேண்டாம். கொலைகாரனை நானே பிடித்துக்கொள்கிறேன். வாக்கு ஒன்று மட்டும் தருகிறேன். விடிய, அந்தப் பெடியன் பஸ்ஸரை அடிக்க முதலே அக்காவின் கட்டிலடியில் இருப்பேன். ரீவி வேண்டாம், பென் ட்ரைவ் வேண்டாம். கையில் சாமான் இல்லாமல் சொல்லப்போகிறேன். அவர் எழும்பினால் காரிலும் சொல்வேன், அந்த மெஷின் சுற்றுகிற நேரம் முழுக்கவும் சொல்வேன். எழும்பாவிட்டால் கட்டிலடியிலேயே இருந்து சொல்வேன், அவர் கேட்கிற வரைக்கும். பிள்ளை நடந்து வருகிறான். படலைக்கு வந்துவிட்டான். கை இடப்பக்கம் போகிறது. தடவுகிறான், அத்தான். கொளுக்கி அங்கே இல்லை. திகைத்துப்போய் நின்று மறுபடியும் தடவுகிறான்.

இந்தமுறை சத்தத்துக்கு முந்திச் சொல்வேன். டக் என்று கேட்கிற இடம் வரும்போது உங்களைப் போலவே பலமாக மூக்கைச் சீறுவேன். எனக்கு அதற்குத் தடிமன் தேவையில்லை. இதை எழுதத் தொடங்கியதிலிருந்து மூக்கு நிறைந்துதான் இருக்கிறது.

உங்கள் மூலையில் இனி இருக்கப்போகிற,
மச்சான் தவம்